டெல்டா பிள்ளைகளுக்குக் காலநிலை மாற்றம்: கையால் செய்து பார்க்கிற குழுப் பயிற்சிகள் எவை தேறும்?

கடைமடை நூலகம்

திருத்துறைப்பூண்டிக்கும் தலைஞாயிற்றுக்கும் நடுவில் ஒரு கிராம நூலகம். எட்டாவது முதல் பதினொன்றாவது வரை படிக்கிற 36 பிள்ளைகள். காலநிலை மாற்றம் பற்றி அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு, செப்டம்பர் முதல் வாரம் ஆரம்பித்து அக்டோபர் கடைசி வரை எட்டு சனிக்கிழமை, தலா இரண்டரை மணி நேரம். செலவு 4,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும்.

கிடைக்கிற கையேடுகளில் எல்லாம் பனிக்கரடிதான் நிற்கிறது. இங்கே பிள்ளைகளுக்குத் தெரிந்தது வேறு: வாய்க்காலில் தண்ணீர் வராது, வந்தால் வடியாது, போர் போட்டால் உப்பு. இப்போதைக்கு நான் எழுதி வைத்திருப்பது சமையல் சோடா பாட்டில் சோதனை, பனை விதை நடவு, பெரியவர்களிடம் பேட்டி, ஓவியப் போட்டி. எதை வைக்கலாம், எதைத் தூக்கலாம், வேறு என்ன சேர்க்கலாம்? அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

இயற்பியல் வகுப்பு

முதலில் பாட்டில் சோதனையைத் தூக்குங்கள்.

இரண்டு பாட்டில். ஒன்றில் சோடாவும் வினிகரும் ஊற்றிக் கரியமில வாயு நிரப்பி, இரண்டையும் பல்புக்கு அடியில் வைத்தால் வாயு உள்ள பாட்டில் ஓரிரு டிகிரி கூடுதலாகச் சூடாகும். ஆகும்தான், ஆனால் காரணம் பசுமைக்குடில் விளைவு இல்லை. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அடியிலேயே படிந்து கிடப்பதால் உள்ளே காற்றுச் சுழற்சி குறைந்து சூடு வெளியேறத் தாமதமாகிறது. அகச்சிவப்பை உறிஞ்சவே உறிஞ்சாத ஆர்கானை நிரப்பினாலும் இதே சூடு ஏறும். விடை சரி, வழி தப்பு. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இதை நோண்டிக் கேட்டால் நடத்துகிறவர் திணறிப்போவார்.

அதற்குப் பதில் கடல்மட்டம். உங்கள் ஊருக்கு அதுதான் பொருந்தும். கடல் உயர்வதில் பனி உருகுவது ஒரு பங்கு, சூடான நீர் விரிவடைவது இன்னொரு பங்கு. இரண்டாவதை யாரும் காட்டுவதில்லை, காட்டுவதோ ரொம்பச் சுலபம்.

200 மில்லி கண்ணாடி மருந்து பாட்டில் ஒன்று. பிளாஸ்டிக் வேண்டாம், சூட்டில் அதுவே உப்பிக் கணக்கைக் கெடுக்கும். மூடியில் ஓட்டை போட்டு, உள்விட்டம் 4 மி.மீ. உள்ள ஸ்ட்ராவைச் செருகி எம்-சீல் வைத்து அடையுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் நாலு சொட்டு நீல மை கலந்து விளிம்பு வரை நிரப்பி மூடினால் ஸ்ட்ராவில் கொஞ்சம் ஏறி நிற்கும். அங்கே ஒரு கோடு. பிறகு 40 டிகிரி வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை இறக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். 30 டிகிரியிலிருந்து 40க்குப் போனால் 200 மில்லி நீர் ஏறக்குறைய 0.65 மில்லி விரியும், அதாவது ஸ்ட்ராவில் 5 செ.மீ.

கவனிக்க வேண்டியவை: வெந்நீரில் வைத்ததும் மட்டம் முதலில் லேசாக இறங்கும். சூடு கண்ணாடிக்கு முதலில் போய்க் கண்ணாடி விரிவதால் அப்படி. பிள்ளைகளை இரண்டு நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். கொதிக்க வைக்காத தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குமிழாகி மட்டத்தைப் பொய்யாக ஏற்றும். ஸ்ட்ராவுக்குப் பதில் பேனா ரீஃபில் குழாய் வைத்தால் துளை சிறிது என்பதால் வழிந்து ஊற்றிவிடும்.

உலக சராசரிக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை மட்டும் பார்த்தால் ஆண்டுக்கு 3.7 மி.மீ. வேகம். சோதனை முடிந்த பிறகு இந்த இரண்டு எண்ணையும் பலகையில் எழுதுங்கள், முதலிலேயே எழுதாதீர்கள்.

மழைக்கணக்கு

எட்டு வாரமும் ஓடுகிற மாதிரி ஒரு வேலை வேண்டும். ஆறு பேருக்கு ஒன்று என்று ஆறு மழைமானி.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலைத் தோள்பட்டையில் வெட்டி, மேல்துண்டைக் கவிழ்த்துப் புனலாகச் செருகுங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தை பூஜ்யம் என்று குறித்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்கேல் ஒட்டி அளப்பதைவிட ஊற்றி அளப்பது துல்லியம்: வாய் விட்டம் 11 செ.மீ. என்றால் பரப்பு 95 சதுர செ.மீ., ஆகவே 9.5 மில்லி சேர்ந்தால் 1 மி.மீ. மழை. இருமல் மருந்து மூடி அளவே போதும்.

அளவு தினமும் காலை 8.30க்கு. வானிலை ஆய்வு மையத்தின் மழை நாள் அப்போதுதான் முடிகிறது. நேரம் தப்பினால் பேப்பரில் வரும் அளவோடு ஒப்பிட முடியாது. மரம், சுவர் இவற்றிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி, வாய் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கும்படி, மணல் நிரப்பிய வாளியில் ஊன்றி வைக்கவும். ஊன்றாவிட்டால் முதல் காற்றுக்கே உருண்டுவிடும். வைத்த இடத்தில் சிமென்ட் தரை இருந்தால் தெறிப்பு உள்ளே விழும்.

இந்த மானி 150 மி.மீ. சுமாருக்கு மேல் தாங்காது. நம் பக்கத்து ஐப்பசியில் ஒரே ராத்திரியில் அது நடக்கும். மழை எச்சரிக்கை வந்தால் நடுவில் ஒருமுறை அளந்து ஊற்றிவிடச் சொல்லுங்கள், இரண்டு அளவையும் கூட்டிக்கொள்ளலாம்.

எண்ணை நிலத்தோடு கட்டினால்தான் மனதில் நிற்கும். ஒரு மா என்பது சுமார் 1,350 சதுர மீட்டர். 1 மி.மீ. மழை என்றால் ஒரு மாவில் 1,350 லிட்டர். 100 மி.மீ. பெய்தால் 12,000 லிட்டர் டேங்கர் லாரி பதினொன்று வந்து அந்த ஒரு மாவில் கொட்டிவிட்டுப் போன கணக்கு. வடிகால் ஏன் வேண்டும் என்று அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வகைப்பாடும் சொல்லிக்கொடுங்கள்: ஒரு நாளில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4க்கு மேல் அதிகனமழை. டிவியில் ஆரஞ்சு, ரெட் என்று சொல்லும்போது அதன் பின்னால் ஒரு எண் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

எட்டு வார அளவை வைத்து "காலநிலை மாறிவிட்டது" என்று எழுத விடாதீர்கள். அது வானிலை. முப்பது ஆண்டுச் சராசரிதான் காலநிலை.

பழைய லஸ்கர்

தண்ணீர்ப் பங்கீட்டை விளையாட்டாக வைக்கலாம். வாய்க்காலில் ஷட்டர் திறப்பதும் ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று முறை விடுவதுமான லஸ்கர் வேலை பிள்ளைகளுக்கு ஒரே நாளில் பிடிபடும்.

110 மி.மீ. பிவிசி பைப் 3 மீட்டர். நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டு வாய்க்கால் கிடைக்கும். செங்கல் வைத்துத் தலைப்பிலிருந்து கடைக்கு ஒன்றரை செ.மீ. சரிவு. அதற்கு மேல் சரித்தால் தண்ணீர் மதகைத் தாண்டிக் கடைசிக்கு ஓடிவிடும், தலைமடைக்கு ஒன்றும் கிடைக்காமல் விளையாட்டே தலைகீழாகிவிடும். பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு செ.மீ. மேலே, இரண்டு விரல் அகலத்தில் இரண்டு மதகு. அவற்றுக்கு ஷட்டர் பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் செய்தால் நன்றாக அடைக்கும். அட்டை ஊறிப்போகும். மதகுகளுக்குக் கீழே தலைமடை, நடுமடை வாளிகள், பைப் முடிகிற இடத்தில் கடைமடை வாளி. ஒவ்வொரு வாளிக்கும் தேவை 6 லிட்டர். ஒரு வாய்க்காலுக்கு ஒன்பது பேர்.

முதல் சுற்று: 20 லிட்டர், விதி எதுவும் இல்லை. இரண்டாவது: 20 லிட்டர், ஆளுக்கு மூன்று நிமிட முறை. மூன்றாவது: 12 லிட்டர்தான், முறையை அவர்களே பேசித் தீர்மானிக்க வேண்டும். நாலாவது: 20 லிட்டரையும் அரை நிமிடத்தில் கவிழ்த்துவிடுங்கள், கடைசி வாளியைச் சுற்றித் துணி போட்டு எவ்வளவு வெளியே போனது என்று பிழிந்து அளங்கள். வறட்சியும் வெள்ளமும் ஒரே வாய்க்காலில்.

ஒரு சூட்சுமம். தலைமடைக்கும் கடைமடைக்கும் நடுவில் பாய் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். கடைசி வாளி காலியாகக் கிடப்பது கண்ணில் பட்டால் தலைமடைப் பிள்ளைகள் இரக்கப்பட்டு ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள். நிஜத்தில் கடைமடையைத் தலைமடை பார்ப்பதே இல்லை. சுற்று முடிந்ததும் பாயை விலக்கி, ஆட்களை இடம் மாற்றுங்கள்.

உவர்நிலம்

லஸ்கர் ஐயா சொன்னதில் ஒரு ஐந்தாவது சுற்று சேர்க்கலாம். கடைமடை வாளியில் முன்கூட்டியே ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் உப்பு கரைத்து வைத்துவிடுங்கள். 6 லிட்டர் நல்ல தண்ணீர் வந்தால் லிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே இறங்கும். 2 லிட்டர்தான் வந்தது என்றால் 6.7 கிராமிலேயே நிற்கும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் பேனாவை விட்டுப் பார்க்கட்டும். வராத தண்ணீர் பயிரை மட்டும் காயப்போடுவதில்லை, உப்பையும் விட்டுவைக்கிறது என்பது அந்த எண்ணில் தெரியும். பேனா 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும். அது காட்டுவது உப்பின் உண்மையான எடை இல்லை, மின்கடத்தலை ஒரு பெருக்கெண்ணால் மாற்றிய மதிப்பு. ஒப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நெல்லும் உப்பும். இதைப் பலரும் செய்கிறார்கள், பெரும்பாலும் தப்பான முடிவோடு.

முதலில் தாய்க்கரைசல்: 80 கிராம் கல்லுப்பைக் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். அதிலிருந்து 0, 25, 50, 75, 100 மில்லி எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு லிட்டருக்கு நிரப்பினால் லிட்டருக்கு 0, 2, 4, 6, 8 கிராம் கிடைத்துவிடும். தராசை ஒருமுறை தொட்டால் போதும். ஐந்து கிண்ணம், ஒவ்வொன்றிலும் மணல் இரண்டு அங்குலம், முளைகட்டாத விதை 20. ஒரு குழுவுக்கு ஏடிடி 43 ரகம், இன்னொரு குழுவுக்கு உப்பு தாங்கும் திருச்சி 3, மூன்றாவதுக்குக் குழியடிச்சான் கிடைத்தால் நல்லது.

நாலாம் நாள் பார்த்தால் 6 கிராமில்கூட நிறைய முளைத்திருக்கும். "நெல் உப்பைத் தாங்குகிறதே" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அங்கேதான் கோளாறு. முளைக்கும்போது நெல் ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலை விடுகிற நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான் படுத்துவிடும். ஆகவே 14 நாளாவது விடுங்கள். நுனி கருகுவது, இலை சுருளுவது, வேர் குட்டையாவது எல்லாம் இரண்டாவது வாரத்தில்தான் தெரியும்.

இரண்டாவது தப்பு தண்ணீர் ஊற்றுவதில். கிண்ணத்தில் குறைகிற தண்ணீருக்கு மறுபடி உப்புக் கரைசலை ஊற்றுகிறார்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே இருக்கிறது. இப்படியே ஊற்றினால் 4 கிராம் கிண்ணம் ஒரு வாரத்தில் 6, 7 ஆகிவிடும். மட்டத்தைக் கோடு போட்டு, சாதா தண்ணீரால் நிரப்புங்கள். அந்தச் சாதா தண்ணீர் உங்கள் ஊர் போர் தண்ணீராக இருக்கக் கூடாது. பேனாவில் 1,500 காட்டுகிற தண்ணீரை பூஜ்யம் என்று வைத்தால் சோதனையே இல்லை. மழைமானிக்காரர்கள் பிடிக்கிற தண்ணீரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைமடை நூலகம்

உப்பு புரிந்தது. எங்களுக்கு அதே அளவு பிரச்சினை மூழ்குவது. நட்ட சம்பா பத்து நாள் தண்ணீருக்குள் கிடக்கிறது. அதைக் காட்ட வழி உண்டா?

உவர்நிலம்

உண்டு. சிஆர் 1009, நம் பக்கம் பொன்மணி என்பார்கள், அதுவும் சிஆர் 1009 சப் 1 என்ற ரகமும் வாங்குங்கள். இரண்டும் ஒரே நெல்தான், இரண்டாவதில் வெள்ளம் தாங்கும் சப் 1 மரபணு சேர்ந்திருக்கிறது. அந்த மரபணு வந்தது ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து. ஒப்பிட இதைவிடச் சுத்தமான ஜோடி கிடைக்காது. மூன்றாவதாக ஒட்டடையான் சேர்த்தால் சுவாரசியம் கூடும்.

25 நாள் நாற்று. ஒரு லிட்டர் பாட்டிலை வெட்டி வயல் மண் நிரப்பி, ஒன்றில் மூன்று நாற்று, ரகத்துக்கு நாலு பாட்டில். ஒரு வாரம் வேர் பிடிக்கட்டும். பிறகு 200 லிட்டர் டிரம்மில் இறக்கி, இலை நுனிக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி நிரப்பவும். 10 முதல் 12 நாள். ஐந்து நாளில் எடுத்தால் எல்லாம் பிழைக்கும், இருபது நாள் விட்டால் எல்லாம் சாகும், இரண்டிலும் வித்தியாசம் தெரியாது.

தெளிந்த தண்ணீரில் வெளிச்சம் உள்ளே போகும், பயிர் கூடுதலாகத் தாங்கிவிடும். வெள்ள நீர் கலங்கல். டிரம் மேல் பழைய கோணி போட்டுப் பாதி மறையுங்கள். கொசு முட்டையிடாமல் இருக்க வலை கட்டாயம். காலநிலை வகுப்பிலிருந்து டெங்கு கிளம்பினால் ஊர் சிரிக்கும்.

எடுத்த அன்றைக்கு எண்ணாதீர்கள். இதுதான் முக்கியம். எடுத்ததும் பார்த்தால் நீண்டு வளர்ந்த நாற்று பிழைத்த மாதிரியும், சப் 1 குட்டையாகச் சோர்ந்த மாதிரியும் இருக்கும். சாதா ரகம் தண்ணீரை முட்டி வெளியே வரப் பார்த்துத் தன் சேமிப்பையெல்லாம் செலவழிக்கும், தண்ணீர் வடிந்ததும் மடங்கி விழும். சப் 1 வளர்ச்சியை நிறுத்தி மூச்சைப் பிடித்துக் கிடக்கும். பத்து நாள் கழித்துப் புது இலை விட்டதை மட்டும் எண்ணுங்கள். ஒட்டடையான் இதற்கு நேர் எதிர், நீண்டே தப்பிக்கிற ஜாதி. அது தேங்கிக் கிடக்கிற தண்ணீருக்கு, சப் 1 வந்து வடிகிற தண்ணீருக்கு. எது உங்கள் ஊர்த் தண்ணீர் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

வெண்ணாறு

சூடேற்றும் வாயுவைக் குறைப்பது பற்றி யாரும் பேசவில்லையே. வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிற காய்ச்சலும் பாய்ச்சலும் வையுங்கள். வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் மண்ணில் காற்று இல்லாமல் நுண்ணுயிர்கள் மீத்தேன் விடும், பெரும்பகுதி நெல்லின் தண்டு வழியாகவே மேலே வரும். நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 27 மடங்கு சூடேற்றுகிற வாயு. வயலைப் பலமுறை காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகிறது.

வயல் நீர்க் குழாய் செய்வது ஒரு மணி நேர வேலை: 15 செ.மீ. விட்டம், 30 செ.மீ. நீளம் பிவிசி, கீழ்ப்பாதியில் 2 செ.மீ. இடைவெளியில் துளை. பாதி மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கிற சேற்றை அள்ளிவிட வேண்டும். நீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்போது பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் 5 செ.மீ. நிற்க வேண்டும்.

துளையை ஆணி பழுக்கக் காய்ச்சிப் போட வேண்டாம், பிவிசி புகை நெஞ்சைப் பிடிக்கும். டிரில் போடுங்கள். வைத்த அன்றே குழாய்க்கு உள்ளும் புறமும் நீர் மட்டம் ஒன்றா என்று பார்க்கவும். வேறாக இருந்தால் துளை அடைத்திருக்கிறது.

பழைய லஸ்கர்

தம்பி, அவர் கேட்டது செப்டம்பர், அக்டோபர். அது கடைமடை. ஐப்பசியில் எந்த வயல் 15 செ.மீ. காயும்? குழாய் முழுக்கத் தண்ணீரில் மிதக்கும். இது குறுவைக்கும் கோடைப் போர்ப் பாசனத்துக்கும் சரி. சம்பாவில், அதுவும் வடிகால் இல்லாத இடத்தில், காய்ச்சல் கிடையாது, பாய்ச்சல் மட்டும்தான்.

இன்னொன்று, நண்டு வளை. வரப்பு ஓட்டையில் தண்ணீர் இறங்கினால் குழாயில் வேகமாகக் குறையும், பயிர் குடித்தது என்று பிள்ளைகள் எழுதிவைப்பார்கள்.

வெண்ணாறு

ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் வாளியில் செய்யலாம். மழை படாத தாழ்வாரத்தில் 20 லிட்டர் வாளி இரண்டு, இரண்டிலும் 20 செ.மீ. வயல் மண், நாலு குத்து நாற்று. ஒன்றில் எப்போதும் 5 செ.மீ. தண்ணீர். இன்னொன்றில் ஒரு அங்குலக் குழாய் செருகி, மட்டம் 15 செ.மீ. இறங்கியதும் ஊற்றுவது. இரண்டுக்கும் ஊற்றிய தண்ணீரை மில்லிக் கணக்கில் எழுதி வரட்டும். மீத்தேனை அளக்க முடியாது, ஆனால் எப்போதும் நீர் நிற்கிற வாளியில் குச்சியால் குத்தினால் குமிழ் வரும், மற்றதில் வராது. அந்தக் குமிழ் மொத்தமும் மீத்தேன் இல்லை, பற்றவைத்துப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

விவாதத்துக்கு ஒரு முடிச்சும் உண்டு. மின்சாரம் இலவசம், வாய்க்கால் தண்ணீருக்கு அளவு கிடையாது. தண்ணீரை மிச்சம் பிடித்தால் விவசாயிக்கு என்ன லாபம்? களை கூடும் என்பது அவருக்கு நிச்சயம் தெரியும். காய்ந்து நனையும் மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடும் கொஞ்சம் கூடும். இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றை விவசாயியாகவும் இன்னொன்றை வேளாண் அலுவலராகவும் பேச வையுங்கள். விவசாயி பக்கம்தான் பெரும்பாலும் ஜெயிக்கும், ஜெயிக்கட்டும்.

இயற்பியல் வகுப்பு

பாசனத்துக்கு மேட்டூர் அணை திறந்த தேதியை வரைபடமாக்கலாமே? 2016 செப்டம்பர் 20, 2017 அக்டோபர் 2, 2018 ஜூலை 19, 2019 ஆகஸ்ட் 13, 2020, 2021 இரண்டும் ஜூன் 12, 2022 மே 24, 2023 ஜூன் 12, 2024 ஜூலை 28. பார்த்த உடனே ஒரு கேள்வி எழும்.

வெண்ணாறு

எழும் கேள்விக்குத் தப்பான பதில் எழுதாமல் பார்த்துக்கொண்டால் சரி. திறப்புத் தேதி காலநிலைக் கருவி இல்லை. அதில் தென்மேற்குப் பருவமழை இருக்கிறது, கர்நாடக அணைகள் இருக்கின்றன, நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமும் இருக்கின்றன. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய காவிரி நீர் 2007இல் 192 டிஎம்சி என்று இருந்தது, 2018 பிப்ரவரியில் 177.25 ஆனது. மழையும் அரசியலும் பின்னிக் கிடக்கிற கோடு அது. அதை அப்படியே சொல்லி, "இந்த ஆண்டின் தாமதத்துக்கு எது காரணமாக இருக்கலாம், அதைச் சோதிக்க என்ன தகவல் வேண்டும்" என்று கேட்டால் அருமையான பயிற்சி.

2018ஐ மட்டும் தனியாக எடுத்து ஒரு குழுவுக்குக் கொடுங்கள். ஜூலையில் அணை நிரம்பியது, ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தன, நவம்பர் 16 கஜா புயல். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2016இல், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. சராசரியை மட்டும் பார்த்தால் இந்த ஊசலாட்டம் தெரியாது.

அலையாத்தி

பேட்டியைத் தூக்காதீர்கள், கேள்வியை மாற்றுங்கள். "முன்னெல்லாம் மழை நல்லா பெய்ததா தாத்தா?" என்று கேட்டால் எல்லாத் தாத்தாவும் ஆமாம் என்பார். "எந்த மாதம் நாற்று விட்டீர்கள்? ஆடிப்பெருக்குக்கு இந்த வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா? கேணியில் எத்தனை முழக் கயிறு? எந்த வருஷத்திலிருந்து அந்தக் கேணித் தண்ணீரில் பருப்பு வேகவில்லை?" இப்படிக் கேட்க வேண்டும். வருஷம் ஞாபகம் இல்லாதவர்களுக்குக் கொளுகொம்பு கொடுங்கள்: 1952 புயல், 1977 நவம்பர் புயல், 2004 சுனாமி, 2008 நிஷா புயல், 2018 கஜா புயல். அதற்கு முன்னா பின்னா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஒரே கேள்வியை மூன்று வீட்டில் கேட்டு, ஒத்துப்போவதை மட்டும் காலக்கோட்டில் ஒட்டவும்.

சுனாமியை வேறு நிற அட்டையில் எழுதுங்கள். அது கடலடி நிலநடுக்கம், காலநிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது வழக்கம்.

பனை விதை நடவை வைத்துக்கொள்ளலாம். ஆனால் எத்தனை நட்டோம் என்ற போட்டோ வேண்டாம், அடுத்த செப்டம்பரில் எத்தனை இருக்கிறது என்ற எண் வேண்டும். கடலோரச் சதுப்பில் வளரும் அலையாத்தி மரம் நடப்போகிறோம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். முத்துப்பேட்டைக் காட்டில் வனத்துறை மீன்முள் மாதிரி கிளை கிளையாக வாய்க்கால் வெட்டி, அலைநீர் ஏறி இறங்க வழிசெய்து, பிறகுதான் அந்தக் கரைகளில் விதைக்கிறது. அலை எட்டாத இடத்தில் உப்பு காய்ந்து கடல்நீரைவிடக் கூடுதலாக நிற்கும், உப்பைத் தாங்கும் அலையாத்தி வகையான வெண்கண்டலே கருகும். பார்க்கப் போகலாம், வனத்துறை அனுமதியும் படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் இருந்தால்.

ஓவியப் போட்டி பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. பூமிப்பந்து அழுகிற படம் முப்பத்தாறு வரும்.

இயற்பியல் வகுப்பு

வெயில் அடிக்கிற நாளில் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் கூரைச் சூடு அளக்கலாம்: கீற்று, ஓடு, தகரம், சிமென்ட் தளம், நாலுக்கும் கீழே தலை உயரத்தில் சாதா தெர்மாமீட்டர், பகல் 2 மணி. அகச்சிவப்பு துப்பாக்கித் தெர்மாமீட்டர் கிடைத்தால் தகரத்தின் மேல் நேராகக் காட்டாதீர்கள். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் குறைவாகவே வெளிவிடும், கை பொசுக்குகிற தகரத்தைக் குளிர்ந்தது என்று கருவி சொல்லும். மேலே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதைக் காட்டி அளக்கவும்.

கடைமடை நூலகம்

எல்லோருக்கும் நன்றி. இப்போதைய திட்டம்: முதல் வாரம் மழைமானி செய்வதும் உப்புக் கிண்ணங்கள் வைப்பதும். பொன்மணி நாற்று இப்போதே விட்டால் நாலாவது வாரம் பாட்டிலில் நட்டு, ஐந்தாவது வாரம் டிரம்மில் இறக்கலாம். ஏழாவது வாரத்துக்கு முன்னால் எடுத்தால்தான் எட்டாவது வாரம் எண்ண முடியும், அதனால் நடுவில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் யாராவது வந்து டிரம்மைக் காலி செய்ய வேண்டியிருக்கும். இரண்டாவது வாரம் வாய்க்கால் விளையாட்டு, மூன்றாவது கடல்மட்டமும் உப்புக் கிண்ண முடிவும், நாலாவது பேட்டிக் கேள்வி தயாரிப்பு, ஆறாவது காலக்கோடும் மேட்டூர் வரைபடமும். குழாய்ப் பயிற்சியை அடுத்த குறுவைக்குத் தள்ளிவிட்டேன். பாட்டில் சோதனையும் ஓவியமும் இல்லை.

ஒரு சந்தேகம். அறுத்த பைப்பின் தலைப்பு முனையை அடைக்க எம்-சீல் ஒட்டிப் பார்த்தேன், தண்ணீர் ஊற்றியதும் பெயர்ந்து வந்துவிட்டது.

பழைய லஸ்கர்

பிவிசி வழவழப்பு, அதனால் பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்து ஒட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். அதைவிட 110 மி.மீ. எண்டு கேப் ஒன்று வாங்கி அதையும் பாதியாக அறுத்து, பைப் சொல்யூஷன் தடவிப் பொருத்துங்கள். மற்ற பாதி அடுத்த வாய்க்காலுக்கு ஆகும். அறுக்கும்போது பைப் விரிந்து கோணும், இரண்டு இடத்தில் கம்பியால் கட்டிக்கொண்டு அறுக்கவும்.